பெரிய தொழில்நுட்ப நிறுவனத்தின் அலுவலக உள்வடிவமைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆயிரக்கணக்கானவர்கள் கணினி முன் உட்கார்ந்து வேலை பார்க்கும் அலுவலகத்தை அமைக்கும்போது நிர்வாகத்திடமிருந்தும் ஒப்பந்ததாரரிடமிருந்தும் ஊழியர்களிடமிருந்தும் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் பேச்சிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். அளவுகள் பெரும்பாலும் பன்னாட்டுத் தர நெறிகளை ஒட்டியவை. கட்டடம் இருக்கும் இடத்தின் கட்டட விதியும் தீயணைப்பு விதியும் வேறாகச் சொன்னால் அவற்றைத்தான் பின்பற்ற வேண்டும்.

1. பெயின்ட், சோபா, சுவர்ல நாலு படம்... இன்டீரியர்னா இவ்வளவுதானே?

இவையெல்லாம் கடைசியில் வருபவை. புரோகிராம் எழுதுபவர் ஒரே சிக்கலில் இரண்டு மூன்று மணி நேரம் மூழ்கியிருக்க வேண்டும். பக்கத்து நாற்காலிக்காரருக்கோ நாள் முழுக்க வீடியோ அழைப்புகள். இந்த இருவரும் ஒரே தளத்தில் ஒருவர் வேலையை ஒருவர் கெடுக்காமல் இருக்கச் செய்வதுதான் உள்வடிவமைப்பின் முதல் வேலை. சத்தம், காற்று, வெளிச்சம், நடக்கும் வழி, மின்சாரம், கேபிள் ஆகியவைதான் அதைத் தீர்மானிக்கின்றன.

அதனால் பணம் முதலில் போக வேண்டிய இடம் சுவருக்கு உள்ளே, தரைக்குக் கீழே, சீலிங்குக்கு மேலே. சோபா பிடிக்காவிட்டால் அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளலாம். சுவரை ஃபால்ஸ் சீலிங்கோடு நிறுத்திவிட்டால் (ஏன் என்பது 9-ஆம் பதிலில்) அதைச் சரிசெய்ய அறையையே பிரிக்க வேண்டியிருக்கும்.

2. ஒரு ஆளுக்கு எத்தனை சதுர அடி வச்சா போதும்?

ஒரு மேசைக்கு 8 முதல் 12 சதுர மீட்டர், அதாவது சுமார் 85 முதல் 130 சதுர அடி. லிஃப்ட், மாடிப்படி, கழிப்பறை இதில் சேராது. 1.6 மீட்டர் அகல மேசையும் அதன் பின்னால் நாற்காலி நகரும் இடமும் சேர்ந்தால் 3 சதுர மீட்டர்தான். நடைவழியைச் சேர்த்தால் அது 5-ஐ நெருங்கும். மீதி இடம் முழுவதும் மீட்டிங் ரூம், போன் பூத் (ஒருவர் அழைப்பு பேசும் சிறு மூடிய பெட்டி), பேன்ட்ரி, லாக்கர், பிரிண்டர் மூலை போன்றவற்றுக்குப் போகும்.

8-க்குக் கீழே இறக்கச் சொல்லும் அழுத்தம் எப்போதும் வரும். அப்போது மேசை சிறிதாவதைக் காட்டிலும் பெரிய இழப்பு, மீட்டிங் ரூமும் பூத்தும் காணாமல் போவது. அவை போனால் எல்லா அழைப்பும் மேசையிலேயே நடக்கும். பிறகு 8-ஆம் கேள்வியில் சத்தத்துக்குச் சொல்லும் எந்த மருந்தும் வேலை செய்யாது.

3. ஆயிரம் பேர் இருக்காங்க, ஆனா தினமும் எல்லாரும் வர்றதில்லை. எத்தனை மேசை போடணும்?

சராசரி வருகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இங்கே நடக்கும் பெரிய தவறு அதுதான். நுழைவு அட்டைப் பதிவுகளை எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களுக்கு எடுத்துக் கிழமைவாரியாகப் பிரித்துப் பாருங்கள். சராசரி 550 என்று வந்தாலும் வாரத்தின் நடுவில் ஒரு நாள் 740 பேர் வந்திருப்பார்கள். 550 மேசை போட்டால் அன்று 190 பேருக்கு இடம் இருக்காது. அப்படி ஒருமுறை இடம் கிடைக்காமல் திரும்பியவர் அடுத்த வாரம் காலை ஏழு மணிக்கே வந்து பையை வைத்து இடம் பிடிப்பார்.

கூட்டம் அதிகமுள்ள நாளின் எண்ணிக்கையோடு 5 முதல் 8 சதவீதம் கூட்டுங்கள். 740 என்றால் சுமார் 790 மேசை. நிரந்தர மேசை இல்லாத ஒவ்வொருவருக்கும் ஒரு லாக்கர் கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் விசைப்பலகையும் ஹெட்போனும் மேசையிலேயே தங்கி, பகிர வேண்டிய மேசை மறுபடி ஒருவருடையதாகிவிடும்.

4. மேசை உயரம் எவ்வளவு? ஏத்தி இறக்குற மேசை தேவையா?

நிலையான மேசை என்றால் 720 முதல் 740 மில்லிமீட்டர். உயரம் குறைந்தவருக்கும் மிக உயரமானவருக்கும் இது பொருந்தாது, அதனால்தான் ஏற்றி இறக்கும் மேசை வந்தது. ஏறத்தாழ 650-லிருந்து 1250 வரை போகும் மேசை பெரும்பாலானோருக்கு ஒத்துவரும். பலர் மாறி மாறி உட்காரும் மேசைகளில் இது ஆடம்பரம் இல்லை.

பொருத்தும்போதுதான் கோளாறு வருகிறது. எதிரெதிர் மேசைகளுக்கு நடுவிலும் சன்னல் திண்டுக்கும் மேசைக்கும் இடையிலும் குறைந்தது 25 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். அதற்குக் குறைந்தால் விரல் நசுங்கும். மேசை 600 மில்லிமீட்டர் ஏறும்போது எல்லா வயரும் கூடவே ஏற வேண்டும். தரையிலிருந்து மேசைக்கு நேராக இழுத்துக் கட்டிய கேபிள் முதல் வாரத்திலேயே பிடுங்கிக்கொள்ளும். மேசைக்கு அடியில் ஒரு தட்டும், அங்கிருந்து தரைக்கு மடங்கி நீளும் கேபிள் சங்கிலியும் வையுங்கள்.

5. நடக்குற வழி எவ்வளவு அகலம் விடணும்?

முதன்மை வழி 1500 மில்லிமீட்டர், கிளை வழி 1200. எந்த இடத்திலும் 900-க்குக் கீழே போக வேண்டாம். சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப 1500 மில்லிமீட்டர் வட்டம் தேவை. முதுகுக்கு முதுகு உட்காரும் இரு வரிசை மேசைகளுக்கு இடையில் 1800 முதல் 2000 விட்டால்தான் இருவர் நாற்காலியைத் தள்ளி எழும்போதும் மூன்றாமவர் நடக்க முடியும். வரைபடத்தில் நாற்காலி மேசைக்குள் செருகியபடி இருக்கும். அளக்கும்போது ஆள் உட்கார்ந்த நிலையில் அளங்கள்.

6. எந்த டீமை எங்க உட்கார வைக்கிறது?

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த தாமஸ் ஆலன் 1970-களில் பொறியாளர்கள் எவ்வளவு அடிக்கடி பேசிக்கொள்கிறார்கள் என்று அளந்தார். மேசைகளுக்கு இடையே தூரம் கூடக்கூடப் பேச்சு செங்குத்தாகச் சரிந்தது. 50 மீட்டரைத் தாண்டினால் ஏறக்குறைய இல்லை. அதனால் தினமும் சேர்ந்து வேலை செய்யும் குழுக்களை ஒரே தளத்தில், ஒரே பார்வை எல்லைக்குள் வையுங்கள். ஒரு மாடி தள்ளிப்போனாலே வேறு கட்டடம் போலத்தான்.

கூடவே வேலையின் இயல்பையும் பாருங்கள். விற்பனை, வாடிக்கையாளர் சேவை, ஆளெடுப்பு ஆகியவை பேசிப் பேசியே நடக்கும் வேலைகள். அவற்றைப் பேன்ட்ரி, லிஃப்ட் பக்கம் வைத்து, புரோகிராம் எழுதும் குழுக்களை நடமாட்டம் குறைந்த உட்பக்கம் தள்ளுங்கள். இடையில் மீட்டிங் ரூம் வரிசையோ லாக்கர் வரிசையோ நின்றால் அதுவே சத்தத்துக்கு ஒரு மதில்.

7. திறந்த ஹாலா, தனித்தனி கேபினா? எதுதான் சரி?

இந்த வாதத்துக்கு அறுபது வயதுக்கு மேல் ஆகிறது. 1950-களின் முடிவில் ஜெர்மனியில் குவிக்போர்னர் என்ற ஆலோசகர் குழுவினர் சுவர்களை நீக்கி, வேலைத் தொடர்புக்கு ஏற்ப மேசைகளைச் சிதறவிட்டார்கள். 1968-இல் ஹெர்மன் மில்லர் என்ற மரச்சாமான் நிறுவனத்துக்காக ராபர்ட் புரோப்ஸ்ட் வடிவமைத்த இரண்டாவது ‘ஆக்‌ஷன் ஆபீஸ்’, விரிந்த கோணத்தில் வைக்கும் தடுப்புகளோடு வந்தது. வாங்கிய நிறுவனங்கள் இடத்தை மிச்சம் பிடிக்க அவற்றைச் செங்கோணத்தில் நெருக்கின. க்யூபிக்கிள் என்னும் தடுப்புக் கூண்டு பிறந்தது அப்படித்தான். 2015-இல் ஃபேஸ்புக், ஃபிராங்க் கெரி வடிவமைத்த கட்டடத்தில் சுமார் 2,800 பேரை ஒரே கூடத்தில் உட்கார வைத்தது.

திறந்துவிட்டால் எல்லாரும் கலந்து பேசுவார்கள் என்பதுதான் இதன் நம்பிக்கை. ஈதன் பெர்ன்ஸ்டைன், ஸ்டீபன் டர்பன் இருவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, திறந்த கூடத்துக்கு மாறிய இரண்டு தலைமையகங்களில் உணர்கருவி மாட்டி அளந்தது. நேருக்கு நேர் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்து, மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் ஏறின. எல்லாரும் பார்க்கும் இடத்தில் இருப்பவர் ஹெட்போனுக்குள் ஒதுங்கிக்கொள்கிறார்.

ஆகவே கூடமும் வேண்டும், கதவும் வேண்டும். 20 முதல் 40 பேர் கொண்ட குழுக் கூடங்கள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் அந்தக் குழுவுக்கு எட்டும் தூரத்தில் சிறிய மூடிய அறைகள். இதுவே அதிக நாள் நிலைத்து நிற்கிறது. 2022-இல் திறந்த கூகுளின் பே வியூ வளாகத்தில் குழுக்களின் மேசைகளை மேல்தளத்திலும், கூடிப் பேசும் இடங்களைக் கீழ்த்தளத்திலும் பிரித்ததும் இதே சிந்தனையில்தான்.

8. ஹால்ல சத்தம் தாங்கல. கார்பெட் போட்டா சரியாயிடுமா?

காலடி ஓசை குறையும், பேச்சு குறையாது. கவனத்தைக் கலைப்பது பேச்சின் உரப்பைவிட அதில் புரியும் சொற்கள்தான். யாரோ எங்கோ பேசுவது புரிந்துவிட்டால் மூளை அதன் பின்னால் போய்விடும். எனவே எத்தனை மீட்டருக்கு அப்பால் பேச்சு புரியாமல் போகிறது என்று அளக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ 3382-3 என்னும் தர நெறி அதைத்தான் அளக்கிறது. 5 மீட்டருக்குள் புரியாமல் போனால் நல்ல கூடம், 10 மீட்டருக்கு அப்பாலும் புரிந்தால் மோசமான கூடம்.

மூன்று வேலை சேர்ந்து நடக்க வேண்டும். முதலாவது உறிஞ்சுவது: கூரையில் ஒலி உறிஞ்சும் பரப்பு, தரைப் பரப்பில் 60 முதல் 80 சதவீதமாவது. இரண்டாவது தடுப்பது: உட்கார்ந்தவர் தலையை மறைக்கும் அளவுக்கு, சுமார் 1300 மில்லிமீட்டர் உயரத் தடுப்பு. மேசையில் ஒட்டும் 300 மில்லிமீட்டர் துணிப் பலகை கண்ணுக்கு மறைப்பு, காதுக்கு இல்லை. மூன்றாவது மூடுவது: கூரை ஒலிபெருக்கிகள் வழியாக ஏசி காற்றின் இரைச்சல் போன்ற சீரான ஒலியை 40 முதல் 45 டெசிபலில் விடுவது. 48-ஐ நெருங்கினால் அந்த ஒலியே தொந்தரவாகும். உறிஞ்சும் வேலையைச் செய்யாமல் மூடும் ஒலியை மட்டும் கூட்டினால் எல்லாரும் குரலை உயர்த்துவார்கள், அவ்வளவுதான்.

9. மீட்டிங் ரூம்ல பேசுறது வெளியில அப்படியே கேக்குது. நல்ல கனமான கண்ணாடிதானே போட்டோம்?

கண்ணாடியைப் பார்க்கும் முன் ஓட்டைகளைத் தேடுங்கள். சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், சுவர் எவ்வளவு தரமானதாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. ஒரு கணக்கு: 4 மீட்டர் நீளம், 2.7 மீட்டர் உயரச் சுவர். அதில் 900 மில்லிமீட்டர் கதவு, கீழே 10 மில்லிமீட்டர் இடைவெளி. ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத அந்தச் சந்து, 50 டெசிபல் தடுக்கும் சுவரைச் சுமார் 30-க்கு இறக்கிவிடும். கதவு மூடும்போது தானாக இறங்கிச் சந்தை அடைக்கும் அடிப்பட்டையும், சட்டத்தைச் சுற்றி ரப்பரும் வேண்டும். சறுக்குக் கதவில் இதைச் செய்வது கடினம். இரகசியம் பேசும் அறைக்கு அது வேண்டாம்.

அடுத்த குற்றவாளி சீலிங். சுவர் ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றுவிட்டால் ஒலி மேலே ஏறி அடுத்த அறையில் இறங்கும். சுவரை மேல் கான்கிரீட் தளம் வரை எழுப்பி, குழாயும் கேபிளும் ஊடுருவும் இடங்களை ஒலி கசியாத அடைப்புக் கூழால் அடைக்க வேண்டும். கேபிள் ஓடுவதற்காக உயர்த்திய தரை இருந்தால் அதற்குக் கீழும் அப்படியே. இரண்டு அறைகளுக்குப் பொதுவான ஏசி டக்ட் பேச்சைக் குழாய் போலக் கடத்தும், அதற்குள் ஒலி உறிஞ்சும் உறை வேண்டும். சுவரின் இருபுறமும் நேருக்கு நேர் பொருத்திய ஸ்விட்ச் பெட்டிகளும் ஒரு சன்னல்தான். 600 மில்லிமீட்டராவது தள்ளி வையுங்கள்.

இவற்றுக்குப் பிறகே பொருளின் தரம். 10 மில்லிமீட்டர் ஒற்றைக் கண்ணாடி ஏறத்தாழ 33 டெசிபல் தடுக்கும். ஒலி அடுக்கு வைத்த 12.8 மில்லிமீட்டர் லேமினேட் கண்ணாடி 38 அளவுக்கு. அதற்கு மேல் வேண்டுமானால் இரட்டைக் கண்ணாடி. சாதாரண மீட்டிங் ரூமுக்கு 45 போதும். மனிதவளம், சட்டம், கணக்குத் துறை அறைகளுக்கு 50. அவற்றைக் கண்ணாடியில் செய்யாமல், இருபுறமும் இரட்டை ஜிப்சம் போர்டும் நடுவில் ராக்வூல் என்னும் ஒலி உறிஞ்சும் பஞ்சும் வைத்த சுவராகக் கட்டுவது எளிது, செலவும் குறைவு.

10. போன் பூத் வாங்குறோம். எதைப் பார்த்து வாங்கணும்?

விளம்பரத்தில் வரும் ‘ஒலி புகாது’ என்ற சொல்லை விடுங்கள். ஐ.எஸ்.ஓ 23351-1 சோதனை அறிக்கையைக் கேளுங்கள். உள்ளே பேசுவது வெளியே எத்தனை டெசிபல் குறைகிறது என்று அது சொல்லும். 25 முதல் 30 என்றால் பி வகுப்பு, 30 முதல் 33 என்றால் ஏ. திறந்த கூடத்தின் நடுவில் வைப்பதானால் ஏ வேண்டும்.

எண்ணிக்கை: அழைப்பு அதிகமுள்ள குழுக்களில் எட்டுப் பேருக்கு ஒன்று, மற்றவற்றில் பன்னிரண்டு பதினைந்து பேருக்கு ஒன்று. மறந்துவிடுவது தீயணைப்பு. தீப்பிடித்தால் தானாக நீர் தெளிக்கும் ஸ்ப்ரிங்க்ளரின் நீர் கூரையுள்ள பூத்துக்குள் விழாது, அபாய மணியும் மங்கலாகக் கேட்கும். வாங்கும் முன் தீயணைப்பு ஆலோசகரிடம் படத்தைக் காட்டுங்கள்.

11. மீட்டிங் ரூம் எத்தனை, எவ்வளவு பெருசு?

சின்னதாக, நிறைய. பெரும்பாலான கூட்டங்களில் இரண்டு முதல் நான்கு பேர்தான் இருப்பார்கள். பன்னிரண்டு பேர் அறையில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பது எந்த அலுவலகத்திலும் காணும் காட்சி. நான்கு பேருக்கு 9 முதல் 10 சதுர மீட்டர், எட்டுப் பேருக்கு 20, பன்னிரண்டு பேருக்கு 30. பெரிய அறைகளை இரண்டாகப் பிரிக்கும் மடிப்புச் சுவர் யோசனை வந்தால் 9-ஆம் பதிலை மறுபடி படியுங்கள். அந்தச் சுவரின் விளிம்புகள் எல்லாமே சந்துகள்.

12. வீடியோ கால்ல நாங்க இருட்டா தெரியுறோம், எங்க குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்காம். ஏன்?

முதலாவதற்குக் காரணம், விளக்கு நேராக மேசைமேல் விழுகிறது, முகத்தில் விழவில்லை. அல்லது முதுகுக்குப் பின்னால் சன்னல் இருக்கிறது. திரை இருக்கும் சுவரை ஒட்டி முகத்தை நோக்கிய பரவல் விளக்கு வையுங்கள். பின்சுவர் பளபளப்பில்லாத மிதமான நிறத்தில் இருக்கட்டும். கேமரா உட்கார்ந்தவர் கண் மட்டத்தில், தரையிலிருந்து 1.1 முதல் 1.2 மீட்டரில் இருந்தால் நன்று.

இரண்டாவதற்குக் காரணம் எதிரொலி. கண்ணாடி, எதிரே கண்ணாடி, நடுவில் வெறும் மேசை என்றால் குரல் துள்ளிக்கொண்டே இருக்கும். எதிரொலி நேரம் 0.6 விநாடிக்குள் வர, சீலிங்கோடு அடுத்தடுத்த இரு சுவர்களிலாவது ஒலி உறிஞ்சும் பலகை வேண்டும். திரை அளவுக்கு ஒரு விதி: சாதாரணக் காட்சிக்குக் கடைசி நாற்காலி, படத்தின் உயரத்தைப் போல் 6 மடங்குக்குள். புரோகிராம் வரிகளைப் படிக்க வேண்டுமானால் 4 மடங்கு. 65 அங்குலத் திரையின் படம் 0.81 மீட்டர் உயரம், அதாவது 4.9 மீட்டரும் 3.2 மீட்டரும்.

13. லைட் எவ்வளவு பிரகாசமா இருக்கணும்?

ஐரோப்பிய நெறி இ.என் 12464-1 மேசைப் பரப்பில் 500 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) கேட்கிறது, கண் கூச்சத்தை அளக்கும் யு.ஜி.ஆர் எண் 19-ஐத் தாண்டக்கூடாது என்கிறது. நாள் முழுதும் திரை பார்ப்பவர்கள் கூடம் முழுக்க 500 இருந்தால் கண் கூசுகிறது என்பார்கள். பொதுவெளிச்சம் 300, மேசையில் தனியாக ஏற்றி இறக்கும் விளக்கு என்று பிரிப்பதே நல்லது. திரைகள் சன்னலுக்குச் செங்குத்தாக இருக்கட்டும்.

பகல் வெளிச்சம் சன்னலின் மேல்விளிம்பு உயரத்தைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு தூரம்தான் உள்ளே வரும். 2.7 மீட்டர் என்றால் ஆறு மீட்டரை ஒட்டி. அந்தப் பட்டையில் கேபின் கட்டினால் உள்ளே இருக்கும் எல்லாருக்கும் பகலே தெரியாது. சன்னல் ஓரம் மேசைகளுக்கு, கட்டடத்தின் நடுப்பகுதி அறைகளுக்கு.

14. மதியம் மீட்டிங் ரூம்ல உட்கார்ந்தா தூக்கம் தூக்கமா வருது. சாப்பாடுதான் காரணமா?

காற்றையும் சந்தேகப்படுங்கள். உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுகிறார். 10 சதுர மீட்டர், 2.7 மீட்டர் உயர அறையில் நான்கு பேர் இருந்து காற்றே மாறாவிட்டால் கால் மணிக்குள் 1000 பி.பி.எம்மை (காற்றின் பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு என்ற அளவு) தாண்டும். ஒரு மணி நேரத்தில் 3000.

பலர் குழப்பிக்கொள்வது இதுதான்: குளிர்ந்த காற்று வேறு, புதுக்காற்று வேறு. உள்ளறைக் காற்றையே சுழற்றும் ஏசி எவ்வளவு குளிர்வித்தாலும் வெளிக்காற்றைக் கொண்டுவராது. அமெரிக்க ஏசிப் பொறியாளர் அமைப்பான ஆஷ்ரேயின் காற்றோட்ட நெறி 62.1 அலுவலகத்துக்கு ஆளுக்கு விநாடிக்கு 2.5 லிட்டரும் சதுர மீட்டருக்கு 0.3 லிட்டரும் வெளிக்காற்று கேட்கிறது. இது குறைந்தபட்சம். ஆளுக்கு 10 லிட்டர் கொடுத்தால் 1000-க்குக் கீழே நிற்கும். அறைக்கு அறை ஓர் உணர்கருவி வைத்து, ஆள் சேரும்போது புதுக்காற்றைக் கூட்டச் சொல்லுங்கள்.

15. ஒரு பக்கம் ஸ்வெட்டர் போடுறாங்க, இன்னொரு பக்கம் வேர்க்குது. ஏசிக்காரர் எல்லாம் சரியா இருக்குன்னு சொல்றார்.

அவர் சொல்வது அவர் படத்தின்படி சரியாக இருக்கலாம். ஏசி வடிவமைத்த பிறகு சுவர் எழுந்திருக்கும். ஒரு அறையின் வெப்ப உணர்கருவி அடுத்த அறைக்குள் போயிருக்கும், அல்லது திரும்பு காற்று வழி அடைபட்டிருக்கும். சுவர் மாறும் ஒவ்வொரு முறையும் காற்றோட்டத்தை மறுபடி அளந்து சமன்செய்ய வேண்டும். சன்னலிலிருந்து 4 மீட்டர் வரையுள்ள பட்டையைத் தனி மண்டலமாகப் பிரியுங்கள். வெயில் படும் இடத்தையும் படாத உட்பகுதியையும் ஒரே கருவி ஆளக்கூடாது.

16. செடி நிறைய வச்சா காற்று சுத்தமாகும்தானே?

ஆகாது. அந்த நம்பிக்கைக்கு மூலம் 1989-இல் நாசா சிறு மூடிய பெட்டிகளில் செய்த சோதனை. 2019-இல் கம்மிங்ஸ், வேரிங் இருவரும் பழைய சோதனைகளைத் தொகுத்துக் கணக்கிட்டபோது, கட்டடத்தின் காற்றோட்டம் செய்வதைச் செடிகள் செய்ய ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 10 முதல் 1000 செடி வேண்டும் என்று வந்தது. கண்ணுக்குக் குளிர்ச்சி என்பதற்காக வையுங்கள், அது போதுமான காரணம். உயிருள்ள சுவர்த்தோட்டம் என்றால் நீர்க்குழாய், வடிகால், வளர்ப்பு விளக்கு, வாராந்திரப் பராமரிப்பு நான்கும் முதல் நாளே படத்தில் இருக்கட்டும்.

17. ஃபால்ஸ் சீலிங்கை எடுத்துட்டு டக்ட் தெரியுற மாதிரி விட்டா செலவு மிச்சமாகுமா?

எப்போதும் ஆகாது. மறைந்திருந்த டக்ட், கேபிள் தட்டு, குழாய் எல்லாம் இனி கண்ணில் படும். அவற்றை நேர்கோட்டில் அமைத்து, ஒழுங்காக உறையிட்டு, வண்ணம் அடிக்க வேண்டும். வெறும் கான்கிரீட் ஒலியை உறிஞ்சாது. ஆகவே 8-ஆம் பதிலில் சொன்ன பரப்பை ஈடுகட்டத் தொங்கும் பலகைகள் வாங்க வேண்டும்.

தொங்கும் பலகை ஸ்ப்ரிங்க்ளர் நீரை மறைக்கும். அமெரிக்கத் தீப்பாதுகாப்பு நெறி என்.எஃப்.பி.ஏ 13 வழக்கமான ஸ்ப்ரிங்க்ளர்களுக்கு அடியில் 457 மில்லிமீட்டர் இடம் காலியாக இருக்கச் சொல்கிறது. இதைக் கவனிக்காமல் தொங்கவிட்டால் இறுதிச் சோதனையில் எல்லாவற்றையும் இறக்கச் சொல்வார்கள்.

18. கண்ணாடிச் சுவர்ல ஸ்டிக்கர் ஒட்டினா அழகு கெடுமே?

ஒட்டத்தான் வேண்டும். ஆப்பிள் பார்க்கில் ஊழியர்கள் கண்ணாடியில் மோதிக் காயமடைந்தது 2018 தொடக்கத்தில் செய்தியானது. தரையிலிருந்து 850 முதல் 1000 மில்லிமீட்டரில் ஒரு குறியும், 1400 முதல் 1600-இல் இன்னொன்றும் இருபுறமிருந்தும் தெரிய வேண்டும். வெளிச்சமான பின்னணியிலும் இருண்ட பின்னணியிலும் தெரிகிறதா என்று பாருங்கள்.

19. எல்லாமே வைஃபைதானே, கேபிள் பற்றி ஏன் இவ்வளவு கவலை?

வைஃபை பெட்டிக்கே கேபிள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கேட் 6ஏ வகை நெட்வொர்க் கேபிள் இரண்டு இழுத்துவிடுங்கள். செப்புக் கேபிளில், கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் அறையிலிருந்து முனை வரை நிலையான பகுதி 90 மீட்டரைத் தாண்டக்கூடாது. கேபிள் தட்டு வழியே வளைந்து ஏறி இறங்கிப் போவதால், படத்தில் நேர்க்கோடாக 60 மீட்டருக்கு மேல் போனால் அந்தத் தளத்துக்கு இரண்டாவது நெட்வொர்க் அறை தேவை. உலோகப் பூச்சுள்ள கண்ணாடி வைஃபையைத் தடுக்கும், கண்ணாடியைத் தேர்ந்த பிறகே வைஃபை பெட்டிகளின் இடத்தை முடிவு செய்யுங்கள்.

600-க்கு 600 பலகைகளால் ஆன உயர்த்திய தரை, கேபிளுக்கு மட்டும் என்றால் 100 முதல் 150 மில்லிமீட்டர் போதும். 150 உயர்த்தினால் வாசலில் 1:12 சரிவுக்கு 1.8 மீட்டர் போய்விடும். லிஃப்ட் வாசலில் அந்த இடம் இருக்கிறதா என்று முதலில் அளங்கள்.

20. கேம் ரூம், டேபிள் டென்னிஸ் எல்லாம் வைக்கலாமா?

தாராளமாக. மூடிய அறையில், பேன்ட்ரி பக்கம், கட்டடத்தின் தரைத்தளமாக இருந்தால் நலம். பந்து அடிக்கும் திடீர் ஒலி, சீரான இரைச்சலைவிட அதிகம் கலைக்கும். குதிக்கும் அதிர்வு கான்கிரீட் வழியாகக் கீழ்த்தளத்துக்கு இறங்கும், கார்பெட் அதை நிறுத்தாது. ரப்பர் தாங்கிகள்மேல் மிதக்கும் தரைதான் வழி.

21. அதே தளத்துல ஹார்ட்வேர் லேபும் வேணும்னு கேக்குறாங்க. ஒரு அறை ஒதுக்கினா போதாதா?

போதாது. சாதாரண அலுவலகக் கூடத்தில் கருவிகளின் மின்பளு சதுர மீட்டருக்கு 10 முதல் 15 வாட். சோதனை ரேக்குகள் (கருவிகளை அடுக்கும் இரும்புச் சட்டங்கள்) நிறைந்த லேபில் அது பல நூறு வாட்டாகும். கட்டடத்தின் ஏசி இரவில் நிற்கும், சோதனையோ விடியும்வரை ஓடும். எனவே தனி மின்பலகை, தனிக் குளிரூட்டி, தரையில் கார்பெட்டுக்குப் பதில் நிலைமின்சாரத்தைக் கடத்தும் வினைல்.

எடையையும் பாருங்கள். அலுவலகத் தளம் வழக்கமாகச் சதுர மீட்டருக்கு 250 முதல் 300 கிலோ தாங்கும். நிரம்பிய ரேக் ஒன்று 0.7 சதுர மீட்டருக்குள் 900 கிலோவைத் தொடும். கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்து இல்லாமல் ஒரு ரேக்கும் ஏறக்கூடாது. மின்விசிறி இரைச்சல் கூடத்துக்கு வராமலிருக்க இரட்டைக் கதவுள்ள இடைவழி வையுங்கள்.

22. ஆறு மாசத்துக்கு ஒருமுறை டீம் மாறுது. எதைக் கட்டினாலும் வீணாகுதே?

மாறும் என்பதையே அளவுகோலாக எடுங்கள். தளம் முழுவதையும் 1.5 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, விளக்கு, காற்று வாய், ஸ்ப்ரிங்க்ளர், புகை உணர்கருவி எல்லாவற்றையும் அந்தக் கட்டத்தோடு ஒத்துப்போக வைத்தால், நாளை எந்தக் கோட்டில் சுவர் எழுப்பினாலும் கூரையை உடைக்க வேண்டாம். மேசைகள் தளம் முழுக்க ஒரே அளவு. அப்போது மக்கள் மட்டும் நகர்வார்கள், மரச்சாமான் நகராது. 9-ஆம் பதிலில் சொன்ன 50 டெசிபல் அறைகளை மட்டும் நிரந்தரமாக, கட்டடத்தின் நடுத்தூண்களை ஒட்டிக் கட்டுங்கள். கழற்றி மாட்டும் சுவரில் அந்த அளவு கிடைப்பது அரிது.

23. வேலை முடிஞ்சிடுச்சு, வாசனை மட்டும் இருக்கு. திங்கட்கிழமை ஆட்களை உட்கார வைக்கலாமா?

வேண்டாம். வாசனை பெயின்டிலிருந்து மட்டும் வருவதில்லை, மேசைப் பலகையின் பசையும் கார்பெட்டின் பசையும் வாரக்கணக்கில் வாயு விடும். லீட் என்ற பசுமைக் கட்டடத் தரச்சான்று, குடியேறும் முன் தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் 4,270 கனமீட்டர் வெளிக்காற்றைச் செலுத்தும் வழியைச் சொல்கிறது. ஏசி முழுவேகத்தில் வெளிக்காற்றை இழுத்தாலும் வழக்கமாக இரண்டு வாரத்துக்கு மேல் பிடிக்கும். மரச்சாமான் எல்லாம் உள்ளே வந்த பிறகுதான் இந்தக் கணக்கைத் தொடங்க வேண்டும். கால அட்டவணையில் முதலில் வெட்டப்படுவது இந்த இரண்டு வாரம்தான், அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

24. ஒப்பந்ததாரர் முடிச்சுட்டேன்னு சாவி தர்றார். எதை எல்லாம் சோதிச்சு வாங்கணும்?

கண்ணால் பார்ப்பதோடு நிறுத்தாமல் கருவியோடு நடங்கள். இரவில் 20 மேசைகளில் லக்ஸ் அளவு. ஒவ்வொரு மீட்டிங் ரூமிலும் ஒருவர் உள்ளே சாதாரணக் குரலில் செய்தித்தாள் படிக்க, இன்னொருவர் வெளியேயும் அடுத்த அறையிலும் காது கொடுப்பது. சொற்கள் புரிந்தால் 9-ஆம் பதிலின் வரிசையில் தேடுங்கள். சீலிங் பலகை இரண்டைத் தூக்கி, சுவர் மேல்தளம் வரை போகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நான்கு பேர் அறையில் நான்கு பேர் ஒரு மணி நேரம் கதவை மூடி உட்கார்ந்து கார்பன் டை ஆக்சைடு பாருங்கள். எல்லா மேசையையும் மேலும் கீழும் ஓட்டுங்கள். ஏசி சமன்செய்த அறிக்கை, கேபிள் சோதனை அறிக்கை, கட்டியபடியான இறுதி வரைபடம் மூன்றும் கைக்கு வரும்வரை கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டாம்.

முடிந்தால் இதற்கெல்லாம் முன்பே, வேலை தொடங்கும்போது, எட்டு மேசையும் ஒரு மீட்டிங் ரூமும் கொண்ட மாதிரிப் பகுதியை முழு அளவில் கட்டச் சொல்லுங்கள். அங்கே உண்மையான குழு ஒன்று இரண்டு வாரம் வேலை பார்க்கட்டும். நாற்காலி நடைவழியில் இடிப்பதும், சாக்கெட் எட்டாத இடத்தில் இருப்பதும் அப்போதே தெரிந்துவிடும், ஆயிரம் முறை செய்வதற்கு முன் ஒருமுறையில் திருத்திக்கொள்ளலாம். குடியேறிய மூன்றாம் மாதத்தில் அதே அளவுகளை மறுபடி எடுக்க ஒரு தேதியை ஒப்பந்தத்திலேயே குறித்துவிடுங்கள்.